தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் ஜாக்கி போடும்போது வரும் சிக்கல்கள்: எது நடந்தால் எதைப் பார்ப்பது

புதுச்சேரியில் ஃபோர்டு மஸ்டாங், பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே பாக்ஸ்டர் என்று தரையோடு தரையாக நிற்கும் கார் வைத்திருக்கிற நண்பர்கள் சிலர் உண்டு. ஆயில் மாற்ற, பிரேக் பேட் மாற்ற, வீல் கழற்றி உள்பக்கம் கழுவ என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டில் இன்னொருவர் கூடிவிடுவோம். ஆயில் மாற்றுவதில் யாரும் திணறிப் பார்த்ததில்லை. திணறுவதெல்லாம் காரைத் தூக்குவதில்தான், அதுவும் திரும்பத் திரும்ப அதே சில சிக்கல்கள். அவற்றைக் கண்ணில் படுகிறபடியே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் பிடுங்கும் காரணம் கடைசியில்.

எந்தச் சிக்கலாக இருந்தாலும் மாறாத சில விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவது ஸ்டாண்ட் எனும் இரும்புத் தாங்கியின் வேலை. ஸ்டாண்ட் வைக்காமல் தலையோ தோளோ, ஒரு கைகூட, காருக்கு அடியில் போகக்கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்காதீர்கள், அவை நசுங்கப்போவதாக முன்கூட்டிக் காட்டாது, ஒரே நொடியில் பொடியாகிவிடும். தனியாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், கைக்கு எட்டுகிற இடத்தில் இன்னொரு ஜாக்கியும் இருக்க வேண்டும். அப்புறம், ஏதோ சரியில்லை என்று தோன்றினால் காரை மேலே ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கீழே இறக்குங்கள், அப்புறம் யோசியுங்கள்.

ஜாக்கி காருக்கு அடியில் நுழையவில்லை

*முதலில் டயர் காற்றைப் பாருங்கள்.* பல நாள் ஓட்டாமல் மூடி வைத்திருந்த காரில் காற்று இறங்கியிருக்கும், அந்தச் சில மில்லிமீட்டரே போதும் ஜாக்கி முட்டுவதற்கு. காற்று அடித்துவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள்.

*அப்புறம் பலகை.* சக்கரத்தில் உருளும் சாதாரண ட்ராலி ஜாக்கி முழுசாக இறங்கிய நிலையிலேயே 13, 14 செ.மீ. உயரம் இருக்கும், இந்தக் கார்களின் பக்கவாட்டு விளிம்பு பல நேரம் அதற்கு இடம் தராது. மரவாடியில் இரண்டு அங்குலக் கனத்தில், டயரைவிடக் கொஞ்சம் அகலமாக, ஒன்றரை அடி நீளத்தில் பலகை கேட்டால் அறுத்துக் கொடுப்பார்கள். ஒரு முனையைச் சாய்வாகச் சீவச் சொல்லுங்கள். நான்கு பலகையில் நான்கு டயரையும் ஏற்றி நிறுத்தினால் கார் முழுவதும் 5 செ.மீ. உயர்ந்துவிடும், பம்பர் உதடும் தப்பிக்கும். சவுக்குக் கட்டையோ உருண்டையான எந்தக் கட்டையோ வேண்டாம். பலகையில் ஏற்றும்போது வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும், ஏறிய வேகத்தில் டயர் அந்தப் பக்கம் இறங்கிவிடக்கூடாது.

*கடைசியாகத்தான் புது ஜாக்கி.* தாழ்வான காருக்கென்றே வரும் ட்ராலி ஜாக்கிகள் இறங்கிய நிலையில் 8, 9 செ.மீ.தான் இருக்கும். வாங்குகிறவர்கள் இறங்கிய உயரத்தை மட்டும் பார்க்காமல் ஏறும் உயரத்தையும், கைப்பிடியின் நீளத்தையும் பாருங்கள். கைப்பிடி குட்டையாக இருந்தால் பம்பர் அதை மேலே போகவிடாது, பாதிப் பாதியாகப் பம்ப் அடித்து இடுப்பு போய்விடும்.

பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயரோ பஞ்சர் அடைக்கும் திரவமோதான் கொடுத்திருப்பார்கள், அதனால் டிக்கியில் ஜாக்கியும் இருக்காது. பழைய காரிலிருந்து எடுத்து வைத்த கத்தரி ஜாக்கியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதன் தலை வேறு காரின் விளிம்புக்காகச் செய்தது.

ஜாக்கி வைத்த இடம் நெளிகிறது, அல்லது மடமடவென்று சத்தம் வருகிறது

உடனே இறக்குங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

*இடம் சரிதானா?* காரோடு வந்த புத்தகத்தில் நான்கு இடம் படம் போட்டுக் காட்டியிருக்கும், பெரும்பாலும் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இரண்டு. பிஎம்டபிள்யூவில் அந்த இடத்தில் சதுரமான கட்டை போல ஒன்று இருக்கும், போர்ஷேவில் வட்டமாக இருக்கும், மஸ்டாங்கில் பக்கவாட்டில் தகடு மடித்து ஒட்டிய விளிம்பு. அடியில் பெரிதாக, தட்டையாகத் தெரிகிறதெல்லாம் தாங்கும் இடம் ஆகாது. ஆயில் சம்ப் (என்ஜின் ஆயில் தேங்கும் தொட்டி), கியர்பாக்ஸ், பிளாஸ்டிக் மூடி, சஸ்பென்ஷன் ஆர்ம், தரைத் தகடு, இவற்றில் எதிலும் ஜாக்கியின் தலை படக்கூடாது. முன்பக்க நடுக் குறுக்குச் சட்டத்திலோ பின்பக்க டிஃபரன்ஷியலிலோ (என்ஜின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தூக்கலாமா என்பது காருக்குக் கார் மாறும். அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் புத்தகம் அனுமதித்தால் சரி, இன்னொரு காரில் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

*நடுவில் ரப்பர் இருக்கிறதா?* ஜாக்கியின் இரும்புத் தலை நேரடியாக விளிம்பில் பட்டால் விளிம்பு மடங்கும். காடி வெட்டிய ரப்பர் பேட் வாங்கி, விளிம்பு அந்தக் காடிக்குள் உட்கார்கிற மாதிரி வைக்க வேண்டும், அப்போது எடை விளிம்பில் இல்லாமல் அதன் இரு பக்கத் தகட்டில் இறங்கும். பிஎம்டபிள்யூ, போர்ஷே மாதிரிக் கார்களுக்கு அந்தச் சதுரத்திலும் வட்டத்திலும் பொருந்துகிற தனி பேட் கிடைக்கிறது.

*துரு பிடித்திருக்கிறதா?* கடற்கரை ஊரில் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. கடலிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி நிற்கிற காரில்கூட உப்புக் காற்று பக்கவாட்டு விளிம்பின் உள்பக்கத்தைத்தான் முதலில் தின்னும், வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் நல்லது, மந்தமாக வந்தாலோ செதில் உதிர்ந்தாலோ முனையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தக் காரை வீட்டில் தூக்கும் பேச்சே வேண்டாம். வெல்டிங் தெரிந்த டிங்கரிங் கடைக்குத்தான் போக வேண்டும், வெறும் பெயிண்ட் அடித்து மூடி அனுப்புகிற கடைக்கு இல்லை.

பஞ்சர் கடைக்குப் போனாலும் இதே கவனம் வேண்டும். அவர்களுக்கு ஒரு நாளில் நூறு விதக் கார் வரும், கையில் இருப்பது பாட்டில் ஜாக்கி, எங்கே எட்டுகிறதோ அங்கே வைத்துவிடுவார்கள். "அண்ணே, இங்கே மட்டும் வைங்க" என்று இடத்தைக் காட்டி, உங்கள் ரப்பர் பேடையும் கையில் கொடுத்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தூக்கத் தூக்க கார் நகர்கிறது, ஜாக்கி சாய்கிறது

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். கார் ஜாக்கியிலிருந்து விழுவது ஜாக்கியின் பலம் போதாததால் இல்லை, பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவித்தான்.

*ட்ராலி ஜாக்கியின் சக்கரம் சுழல்கிறதா?* ட்ராலி ஜாக்கியின் தலை நேராக மேலே போவதில்லை, வளைந்துதான் போகிறது. அதை ஈடுகட்ட ஒன்று ஜாக்கி உருண்டு காருக்கடியில் நகர வேண்டும், அல்லது கார் ஜாக்கியை நோக்கி நகர வேண்டும். காரைக் கட்டை போட்டு நிறுத்திவிட்டீர்கள், ஜாக்கியின் சக்கரமும் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றால் தலை காரின் அடியில் வழுக்கத்தான் செய்யும். ஏற்றும்போது நான்கைந்து பம்ப் அடித்ததும் ஒருமுறை நிறுத்தி ஜாக்கி உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தில் மண், நூல் சுற்றியிருந்தால் எடுங்கள், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். செலவு அவ்வளவுதான்.

*எந்தச் சக்கரத்தை எது பிடித்திருக்கிறது?* ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். பின் சக்கரத்தால் ஓடும் காரில் கியரும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். அப்படியானால் பின்பக்கத்தை மொத்தமாகத் தூக்கியதும் தரையில் இருக்கிற முன் சக்கரங்கள் இரண்டையும் பிடிக்க எதுவுமே இல்லை, ஹேண்ட்பிரேக்கை எவ்வளவு இழுத்திருந்தாலும் சரி. இதை அறியாமல் பின்பக்கம் தூக்குகிறவர்கள் நிறைய. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொடவேண்டும். ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலும் கியரை நம்பாதீர்கள், டிஃபரன்ஷியல் காற்றில் இருக்கிற சக்கரத்தைச் சுற்றவிட்டு தரையில் இருப்பதை உருளவிட்டுவிடும்.

*கட்டை கட்டையாக இருக்கிறதா?* தெருவில் கிடக்கும் கல், அரைச் செங்கல் எல்லாம் டயர் அழுத்தினால் விலகிப்போகும். ஆப்பு வடிவத்தில் ரப்பரோ மரமோ, டயரோடு ஒட்டி, இறுக்கமாகச் செருகியிருக்க வேண்டும்.

*தரை சரிவா?* வீட்டு வாசலில் கார் ஏறும் சாய்தளத்தில் எந்தக் காரையும் தூக்காதீர்கள். போர்ட்டிகோவிலும் தண்ணீர் வடிய லேசான வாட்டம் விட்டிருப்பார்கள், கோலிக்குண்டு ஒன்றைத் தரையில் வைத்தாலே தெரியும். வேகமாக உருண்டால் இடத்தை மாற்றுங்கள்.

மொத்தத்தில், கட்டை சரி, சக்கரம் சரி, தரை சரி, அப்படியும் ஜாக்கி சாய்கிறது என்றால் ஜாக்கியின் கை வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

ஜாக்கியோ ஸ்டாண்டோ தரையில் புதைகிறது

முதல் கேள்வி, அடியில் என்ன இருக்கிறது? நம் வீடுகளில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழேதான் தண்ணீர் சம்போ செப்டிக் டேங்கோ இருக்கும், மேலே டைல்ஸ் போட்டு மறைத்திருப்பார்கள். கார் அதன்மேல் ஏறி இறங்குவது வேறு, காரின் பாதி எடை உள்ளங்கை அகலத்தில் இறங்குவது வேறு. சம்ப் மூடி, டேங்க் மூடி, அவற்றைச் சுற்றியுள்ள ஸ்லாப் எதிலும் ஜாக்கியும் ஸ்டாண்டும் வேண்டாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பேவர் பிளாக் தரையில் சிக்கல் மழைக்கு அப்புறம் வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து தெருவெல்லாம் வெள்ளம் நின்றதே, அந்த மாதிரித் தண்ணீர் நின்று வடிந்த இடங்களில் பிளாக்குக்குக் கீழே போட்ட மணல் அரித்துப் போயிருக்கும், மேலே பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். குதிகாலால் தட்டுங்கள், பொக்கைச் சத்தம் வந்தால் அங்கே வேண்டாம். நல்ல பிளாக் என்றாலும் கனமான பிளைவுட் ஒன்றைப் பரப்பி, ஜாக்கி உருள்வதற்கு இடம் இருக்கிற அளவு பெரிதாகப் பரப்பி, அதன்மேல் வேலை செய்யுங்கள்.

ஆரோவில், காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண் காய்ந்திருக்கும்போது இறுகிக் கிடக்கும், ஒரு மழை பெய்தால் குழைந்துவிடும். வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோர மணல் தரையில் பிளைவுட் போட்டும் பயனில்லை, பலகையே ஒரு பக்கம் அமுங்கும். தார் ரோடு சித்திரை வெயிலில் இளகும், ஸ்டாண்டின் மெல்லிய கால் காலையில் நின்ற மாதிரி மதியம் நிற்காது. கான்கிரீட் தரையோ நல்ல பேவர் பிளாக் தரையோ இல்லை என்றால் காரைத் தூக்க வீடு சரியான இடமில்லை, லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பம்ப் அடித்தால் ஏறவில்லை, பாதியில் நிற்கிறது, அல்லது ஏறிவிட்டு மெல்ல இறங்குகிறது

*ஏறவே இல்லை:* ரிலீஸ் வால்வு முழுசாக மூடவில்லை, பத்தில் ஒன்பது முறை அதுதான். கைப்பிடியை வலப்பக்கம் திருகி இறுக்குங்கள். அப்படியும் இல்லை என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கும். கார் இல்லாமல் வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து முறை முழுசாகப் பம்ப் அடித்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை வெளியேவிட்டு, மறுபடி மூடிப் பாருங்கள்.

*பாதியில் நிற்கிறது:* ஆயில் குறைவு. ஜாக்கியை முழுசாக இறக்கிய நிலையில் ஹைட்ராலிக் ஜாக்கி ஆயிலை மூடியின் ஓட்டை வரைக்கும் ஊற்றுங்கள், அதற்கு மேல் ஊற்றினால் சரியாக இறங்காது. பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது, சீல் ஊதிக் கெட்டுவிடும். என்ஜின் ஆயிலும் வேண்டாம்.

*ஏறி, மெல்ல இறங்குகிறது:* வால்வில் தூசு இருக்கலாம், ஆயிலை மொத்தமாக மாற்றினால் சரியாகிவிடுவது உண்டு. அப்படியும் இறங்கினால் சீல் தேய்ந்துவிட்டது. சீல் கிட் போட்டுத் தருகிற ஹைட்ராலிக் ரிப்பேர் கடைகளைத் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். விலை மலிவான ஜாக்கி என்றால் கூலிக்குப் புதுசே வாங்கலாம். எதுவானாலும், இறங்குகிற ஜாக்கியை "ஸ்டாண்ட் வைக்கிற வரைக்கும்தானே" என்று பயன்படுத்தாதீர்கள். ஸ்டாண்டைச் செருகும்போதுதான் உங்கள் கை அடியில் இருக்கும்.

தூக்கிவிட்டேன், ஸ்டாண்ட் வைக்க இடம் இல்லை

ஜாக்கி வைத்த அதே இடம்தான் ஸ்டாண்டுக்கும் உரிய இடம், இரண்டும் ஒரே இடத்தில் எப்படி நிற்கும்? இந்தக் கார்களின் உடம்பு விறைப்பானது, பல கார்களில் பின் இடத்தில் தூக்கினாலே அதே பக்கத்து முன் இடமும் சேர்ந்து எழும்பும். முன்னால் ஸ்டாண்டைச் செருகிவிடலாம். பின்னால் வைக்க, புத்தகம் அனுமதிக்கிற வேறு இடம் இருந்தால் அங்கே ஜாக்கியை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஜாக்கியும் ஸ்டாண்டும் சேர்ந்து உட்காரும் தனி அடாப்டர்கள் விற்கிறார்கள், செலவு கூடத்தான், ஆனால் வருஷத்துக்குப் பல முறை தூக்குகிறவர்களுக்கு அது வீண் இல்லை. ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் ஏற்றும்போது ஒரேயடியாக உயரம் கொடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக.

ஸ்டாண்ட் வாங்கும்போது எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா ஜோடிக்கா என்று கேளுங்கள், சிலவற்றில் ஜோடிக்குத்தான் எழுதியிருக்கும்.

ஸ்டாண்டில் நிற்கிறது, ஆனால் ஆடுகிறது

அடியில் போவதற்கு முன்னால் காரை இடுப்பால் இடித்து, பம்பரை விட்டுவிட்டு சக்கரத்தைப் பிடித்து, நன்றாக ஆட்டுங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். ஆடினால், ஸ்டாண்டின் ஒரு கால் தரையைத் தொடவில்லையா, பற்கட்டை முழுசாக மாட்டவில்லையா, இரும்பு ஊசி (பின்) செருகும் ரகம் என்றால் அந்த ஊசி கடைசி வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும். கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டு விளிம்புக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள், ஸ்டாண்ட் போனாலும் அது தாங்கும். ஜாக்கியையும் எடுத்துவிடாமல் லேசாக முட்டுக் கொடுத்தபடி விட்டுவைப்பது நல்லது.

தூக்கிய நிலையில் கதவு இடுக்கினால் நான்கு மூலையும் சமமாக இல்லை, உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேற்கூரை மடிக்கிற கார்களில் இது அதிகம். தூக்குவதற்கு முன்பே கதவு, டிக்கி எல்லாவற்றையும் மூடிவிடுங்கள், இறக்கும் வரை திறக்காதீர்கள்.

இறுகிப்போன போல்ட்டை நீளக் குழாய் செருகி இழுக்க வேண்டிய வேலை, கியர்பாக்ஸ் இறக்குவது, எக்ஸாஸ்ட் கழற்றுவது, இதெல்லாம் ஸ்டாண்டில் செய்யும் வேலை இல்லை. அந்த இழுப்பே காரை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். லிஃப்டில் ஏற்றிச் செய்கிறவர்களிடம் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடை லிஃப்ட் என்றால் ஏற்றுவதற்கு முன் குனிந்து பாருங்கள், அதன் சட்டம் தாழ்வான காரின் பிளாஸ்டிக் விளிம்பில் போய் முட்டும்.

யாராவது அடியில் மாட்டிக்கொண்டால் கையால் காரைத் தூக்கப் பார்க்காதீர்கள். முதலில் சொன்ன அந்த இன்னொரு ஜாக்கி அதற்காகத்தான், வெளியே இருப்பவர் அதைப் போட்டு ஏற்றட்டும், 108ஐயும் அழைக்கட்டும்.

இறக்கும்போது பம்பர் ஜாக்கியில் உட்கார்ந்துவிடுகிறது

பலகையில் ஏற்றித் தூக்கிய காரை இறக்கும்போது டயர்களுக்கு அடியில் பலகையைத் திரும்ப வைக்க மறந்தால் இப்படித்தான் ஆகும். அவசரப்பட்டு ஜாக்கியை இழுத்தால் பம்பர் உதடு உடையும். கார் முழுசாக அமரும் முன் நிறுத்தி, மறுபடி ஏற்றி, பலகையைச் செருகிவிட்டு இறக்குங்கள். ரிலீஸ் வால்வைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திறக்க வேண்டாம், சில ஜாக்கிகள் தடாலென்று விடும்.

இறக்கிய பிறகு கார் உயரமாக நிற்கிறது, அல்லது ஓட்டினால் கடகட சத்தம்

உயரமாக நிற்பது கோளாறு இல்லை. சக்கரம் தொங்கியிருந்ததால் டயர்கள் உள்வாங்கி நிற்கின்றன, ஸ்பிரிங் முழுசாக அமரவில்லை. முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டினால் இறங்கிவிடும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் தூக்குவதற்கு முன்பே அதற்குரிய ஜாக்கி மோடைப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். உருட்டியும் ஒரு மூலை மட்டும் இறங்கவில்லை என்றால் சஸ்பென்ஷன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கடகட சத்தம் என்றால் ஓரமாக நிறுத்துங்கள், முதலில் வீல் போல்ட். சக்கரம் காற்றில் இருக்கும்போது கையால் திருகி, தரையில் இறக்கிய பிறகு எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து இறுக்கியிருக்க வேண்டும். 718 பாக்ஸ்டருக்கு 160 நியூட்டன் மீட்டர், 2015 முதல் வந்த மஸ்டாங்குக்கு 204, மற்றவற்றுக்குப் புத்தகத்தில் இருப்பது. காலால் மிதித்து இறுக்காதீர்கள், அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியும். புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்த் திரும்பும் தூரம் ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு, டார்க் ரெஞ்சை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.